அளக்காமல் கொட்டிய மழை

மழை வலுத்தால் என் மாமா வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். ஆறாம் வகுப்புப் படிக்க அவர் வீட்டுக்குப் போனதிலிருந்து நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வரை, ஒரு மழைக்காலம் விடாமல் இதைப் பார்த்திருக்கிறேன். கூரைத் தகரத்தில் சடசடவென்று விழ ஆரம்பித்ததும் அவர் கை தானாக அந்தத் திருகைத் தேடிப் போகும். என்ன ஓடுகிறது என்பது பொருட்டில்லை. காய்கறி விலை நிலவரமோ, பல் பராமரிப்பு பற்றி யாரோ ஒரு மருத்துவரின் பேச்சோ, எதுவானாலும் முழுச் சத்தத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

"எதுக்கு அந்தப் பெட்டிய இப்படி அலற விடுறீங்க?" என்பார் அத்தை.

"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"கேட்டு என்ன பண்ணப் போறீங்க? மறுபடி பல் தேய்க்கவா? காலையிலயே தேய்ச்சாச்சு."

நானும் அத்தையும் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். வானொலி கேட்கத்தான் கூட்டுகிறார் என்று அந்த வீட்டில் எல்லோரும் நம்பினோம். மழை தன் காதில் விழாமல் இருக்கத்தான் கூட்டினார் என்பது எனக்குத் தெரிய இருபத்திமூன்று வயதாகவேண்டியிருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. குடிநீர் வாரியத்தின் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். எங்கள் ஊரின் மேற்கு விளிம்பில் சரிவு தொடங்கும் இடத்தில் ஓடை ஒன்று இறங்குகிறது. பம்ப் ஹவுஸ் அதன் இந்தக் கரையில் இருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம், சற்றுக் கீழே, வாரியத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய அறுபது வீடுகள் ஒரே நீளமாக நிற்கும். கீழ்வரிசை என்று பெயர். மாமா வீடு அதில் நாற்பத்து நான்காவது. அம்மா தூரத்து நகரில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்ததால் நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன்.

மோட்டார் வேலையோடு மாமாவுக்கு இன்னொரு சின்ன வேலையும் இருந்தது. ஓடையின் அந்தக் கரையில், பத்து நிமிஷ ஏற்றத்தில், கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி. தினமும் காலை எட்டரைக்கு நடைபாலத்தைத் தாண்டிப் போய், அதில் சேர்ந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, ஒன்பது மணிக்குள் போனில் சொல்லிவிட்டுப் பதிவேட்டிலும் எழுதவேண்டும். அதனால் தெருவில் அவருக்கு மில்லி என்றே பெயர்.

"என்ன மில்லி, நேத்து எத்தனை?" என்று தேநீர்க் கடையில் கேட்பார்கள்.

"நாப்பத்தி ரெண்டு."

"அவ்வளவும் உள்ள போயும் நேரா நிக்கிறாரு பாரு, மனுஷன்!"

பயந்த சுபாவம் அவருக்கு. தபாலில் அரசாங்க உறை வந்தால் பிரிக்காமல் இரண்டு நாள் அலமாரியில் வைத்திருப்பார். "தானா ஆறட்டும்" என்று அத்தை கிண்டல் செய்வார். என்னைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் "அடுத்து" என்று சொன்னதற்கே இரண்டடி பின்னால் நகர்ந்தார். "நீயே பேசு பாப்பா, படிக்கப் போறது நீதானே" என்று என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்றைக்கு அந்தக் கை என் முதுகில் நடுங்கிக்கொண்டிருந்தது. அது சந்தோஷம் என்று நினைத்தேன். எதையெல்லாம் என்னவென்று நினைத்திருக்கிறேன் என்று இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

படித்து முடித்ததும் வட்டாரக் காலநிலை வரைபடப் பிரிவில் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. இரண்டாம் மாடியில் நீளமான அறை, எட்டு மேசைகள், மூலையில் ஒழுகும் குளிர்சாதனப் பெட்டி, அதற்குக் கீழே ஒரு வாளி. எங்கள் வட்டாரத்தில் மொத்தம் இருபத்திமூன்று மழைமானிகள். அவை நிற்கும் இருபத்திமூன்று புள்ளிகளில் மட்டும்தான் எவ்வளவு பெய்தது என்று உண்மையில் தெரியும். நடுவில் கிடக்கும் அத்தனை தெருவும் வயலும் சரிவும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைக் கணக்குப் போட்டு நிரப்பினால்தான் வரைபடம். எந்த முறையில் நிரப்பினால் பிழை குறைவு என்று ஒப்பிட்டுச் சொல்வது என் வேலை.

மூன்று முறைகளை எடுத்துக்கொண்டேன். முதலாவது, ஒவ்வோர் இடத்துக்கும் மிக அருகில் இருக்கும் மானியின் எண்ணை அப்படியே பூசிவிடுவது. இரண்டாவது, சுற்றியுள்ள எல்லா மானிகளையும் கேட்பது, ஆனால் கிட்டே இருப்பதன் சொல்லுக்கு அதிக மதிப்பு, தள்ளி எட்டே இருப்பதற்குக் குறைவு. மூன்றாவது கிரிகிங். தூரம் கூடக் கூட மழை எப்படி மாறுகிறது என்று முதலில் கற்றுக்கொண்டு பிறகு நிரப்பும் முறை. நான் எடுத்தது நிலத்தின் உயரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வகை.

எது நல்லது என்று சோதிக்கும் வழி எளியது. ஒரு மானியை மறைத்துவிட்டு, மற்ற இருபத்திரண்டையும் கேட்டு அங்கே எவ்வளவு பெய்திருக்கும் என்று கணிக்கவேண்டும். பிறகு மறைத்த எண்ணைத் திறந்து ஒப்பிடவேண்டும். வகுப்புக்கு வராத பிள்ளையின் மதிப்பெண்ணைப் பக்கத்தில் உட்காருகிறவர்களை வைத்து ஊகித்துவிட்டு, பிறகு விடைத்தாளைப் பார்ப்பது போல.

சரிவில் இருப்பது ஒரே ஒரு மானி. பன்னிரண்டாம் நிலையம். மாமாவின் மானி. அங்கே எந்த முறை ஜெயிக்கிறதோ அதையே சரிவு முழுக்க எடுத்துக்கொள்வது என்று பிரிவுத் தலைவர் முடிவு செய்திருந்தார். அவரை எல்லோரும் மேடம் என்போம். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடுகிறவர்.

இரண்டாவதான கிட்டே எட்டே முறை ஜெயித்தது. சாதாரண வெற்றி இல்லை. மற்ற இரண்டும் பதினேழு, பத்தொன்பது மில்லிமீட்டர் தப்பும்போது இது வெறும் இரண்டு தப்பியது.

"ரெண்டா! சரிவுலயா? இருபது வருஷ சர்வீஸ்ல நான் பார்த்ததில்லம்மா. கணினி சந்தேகப் பட்டியல்ல போட்ட நாளையெல்லாம் எடுத்துட்டதானே?"

"எடுத்துட்டேன் மேடம். பன்னிரண்டாம் நிலையத்துல இருபத்திரண்டு நாள் சுத்துப்புறத்தோட ஒத்துப்போகல. ரொம்ப ஜாஸ்தி காட்டுது."

"அந்த ஆளு அன்னைக்கெல்லாம் தூக்கக் கலக்கத்துல படிச்சிருப்பாரு. இதையே வெச்சு முடிச்சிடு. புதன் மத்தியானம் பட்டியல் போகணும்."

அந்த ஆள் என் மாமா என்று நான் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

புதன்கிழமை போகவேண்டிய அந்தப் பட்டியல்தான் முக்கியம். வியாழக்கிழமை புயல் மழை வரும் என்று எச்சரிக்கை வந்திருந்தது. ஒரே நாளில் நூற்றிருபது மில்லிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்று எங்கள் வரைபடம் காட்டும் இடங்களில் உள்ளவர்களை முன்கூட்டியே வெளியேற்றுவார்கள். ஜெயித்த முறையின்படி கீழ்வரிசைக்கு மேலே உள்ள சரிவில் தொண்ணூற்றெட்டுக்கு மேல் வரவே வராது. ஆகவே கீழ்வரிசை பட்டியலில் இல்லை. தோற்ற கிரிகிங்கின்படி நூற்று நாற்பது.

செவ்வாய்க்கிழமை காலை, அறிக்கைக்கு எடுத்துக்காட்டாக நாலைந்து நாட்களைக் கையால் போட்டுக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். மாமாவின் மானிக்குக் கிட்டே இருப்பது நூற்பாலை வாசலில் நிற்கும் மானி, நாலு கிலோமீட்டர். அடுத்தது பள்ளிக்கூட மானி, எட்டு கிலோமீட்டர். கையால் போட்டுக் காட்ட இந்த இரண்டே போதும்: ஆலையின் எண்ணுக்கு இரண்டு பங்கு, பள்ளியின் எண்ணுக்கு ஒரு பங்கு. ஆலை தொண்ணூற்றாறு, பள்ளி அறுபது. கணக்குப்படி எண்பத்து நாலு. மாமாவின் பதிவு எண்பத்து நாலு. இன்னொரு நாள்: நூற்றுப் பதினொன்று, எழுபத்திரண்டு. வருவது தொண்ணூற்றெட்டு. பதிவு தொண்ணூற்றெட்டு. மூன்றாவது: நூற்றைந்து, எண்பத்தொன்று. தொண்ணூற்றேழு. பதிவும் தொண்ணூற்றேழு.

நாலாவதைப் போடாமல் பேனாவைக் கீழே வைத்தேன்.

மழை அப்படிப் பெய்யாது. சின்ன மழை நாட்களில் அந்த மானி மூன்று நாலு மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் தப்பியது, எந்த மானியும் தப்புவது போல. பெருமழை நாட்களில் தப்பு கூடவேண்டும். இங்கே பாதிக்கு மேற்பட்ட பெருமழை நாட்களில் தப்பே இல்லை. பதினோரு வருஷத்தில் அறுபத்தேழு பெருமழை நாட்கள். அதில் முப்பத்தெட்டு நாட்கள் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. நான் மூன்றாம் வருஷப் பாடப் புத்தகத்தில் படித்த சூத்திரத்தை யாரோ பம்ப் ஹவுஸில் உட்கார்ந்து மனக்கணக்காகப் போட்டிருக்கிறார். அந்தச் சூத்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. அக்கம்பக்கத்தில் இருப்பதைவிட அதிகமாக அது ஒருநாளும் சொல்லாது.

மேடம் பென்சிலைத் தேடிக்கொண்டே என் மேசையைக் கடந்தார். "முடிஞ்சுதா?"

"முடியப் போகுது மேடம்."

மத்தியானம் சாப்பிடப் போகாமல் மேசையிலேயே இருந்தேன். பன்னிரண்டாம் நிலையத்தை யாருக்கும் தெரியாமல் கணக்கிலிருந்து தூக்கிவிட்டால் என்ன என்று யோசித்தேன். செய்தும் பார்த்தேன். அதைத் தூக்கினால் சரிவில் எந்த முறை சரி என்று சோதிக்க வேறு மானியே இல்லை. மற்ற மானிகளில் கிட்டே எட்டே முறையே ஜெயித்து அதே தொண்ணூற்றுச் சில்லறையைத்தான் சொன்னது. மாமாவையும் காப்பாற்றி வரைபடத்தையும் சரிசெய்ய வழியில்லை என்று தெரிந்துபோனது. சொன்னால் மாமாவுக்கு வேலை போகும், ஒருவேளை அதற்கு மேலும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை அறுபது வீட்டிலும் ஆட்கள் இருப்பார்கள். நாற்பத்து நான்காவது வீட்டிலும்.

நாலரைக்கு வெளியே வந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. பம்ப் ஹவுஸுக்குப் பேருந்தில் போகாமல் நடந்தேன். சீக்கிரம் போய்ச் சேர எனக்கு விருப்பம் இல்லை.

பம்ப் ஹவுஸில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்று ஓய்வில் இருக்கும். கிரீஸும் ஈரச் சிமெண்டும் கலந்த வாடை. ஒரு கால் உடைந்து கம்பியால் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா உட்கார்ந்து பதிவேட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, இந்த நேரத்துல? அத்தை ஏதாவது வாங்கிட்டு வரச் சொன்னாளா?" என்று கத்தினார். மோட்டார் ஓடும்போது அங்கே எதையும் கத்தித்தான் பேசவேண்டும்.

"மாமா, ஆலையில நூத்திப் பதினொண்ணு, பள்ளிக்கூடத்துல எழுபத்தி ரெண்டுன்னா இங்க எவ்வளவு?" என்று நானும் கத்தினேன்.

"தொண்ணூத்தி எட்டு" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அட்டையை மடித்த விரல்கள் அப்படியே நின்றன. எழுந்தார். மின்பலகைக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் இழுத்து இழுத்து அடங்கியது. என் நினைவு தெரிந்து அந்த நேரத்தில் அந்த மோட்டார் நின்றதில்லை. ஊரில் அந்த நிமிஷம் எத்தனையோ குழாய்கள் வற்றியிருக்கும். தகரத்தில் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மாமா அதைக் கேட்டபடி நின்றார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"கதவைச் சாத்து."

சாத்தினேன். அவர் உட்காராமல் நின்றபடியே சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் விடாத மழையில் நடைபாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது மேலிருந்து ஒரு மரம் வேரோடு வந்திருக்கிறது. பாலத்தின் கைப்பிடியைப் பிய்த்துக்கொண்டு, அவர் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளிப் போயிருக்கிறது.

"கத்தக்கூட வரல பாப்பா. அப்படியே உக்காந்துட்டேன், பாலத்துலயே. கால் ரெண்டும் என்னோடது இல்லாத மாதிரி. தவழ்ந்துதான் திரும்பி வந்தேன். நாப்பது வயசு ஆம்பளை, தவழ்ந்து. ஒன்பது மணிக்கு போன் அடிக்குது. எத்தனைன்னு கேக்குறான். என்ன சொல்ல?"

"போக முடியலன்னு சொல்லியிருக்கலாமே, மாமா."

"யார் கிட்ட? நீ சொல்லுவ. நீ படிச்சவ. நான் சொன்னா வேலைக்கு லாயக்கில்லன்னு எழுதிடுவாங்கன்னு பயம். ஆலை வாட்ச்மேனுக்கு போன் போட்டேன். அங்க எவ்வளவு பெஞ்சுதுப்பான்னு சும்மா கேக்குற மாதிரி. அப்புறம் ஸ்கூல் கிளார்க்குக்கு. பக்கத்துல இருக்கறவன் சொல்றதுக்கு ரெண்டு பங்கு, தள்ளி இருக்கறவனுக்கு ஒரு பங்கு. நியாயம்தானேன்னு தோணுச்சு. தப்பா அது?"

புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

"அன்னைக்கு மத்தியானம் மழை விட்டுச்சு. மெதுவா அந்தப் பக்கம் போய் அளந்தேன். நூத்தி முப்பத்தொண்ணு. கொடுத்த நம்பர் எண்பத்தி நாலு. மாத்திச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. கீழ கொட்டிட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "அதுக்கப்புறம் மழை விடாத காலையிலெல்லாம் போனதே இல்ல. அப்புறமா போவேன். ஆனா அளக்க மாட்டேன். அளந்தா தெரிஞ்சிடும்ல. அளக்காமலே கொட்டிடுவேன்."

"காலையில மழை விட்டிருந்தா?"

"அன்னைக்கெல்லாம் போவேன். சத்தியமா. அன்னைக்கு எழுதினதெல்லாம் அளந்ததுதான்."

எங்கள் கணினி சந்தேகப் பட்டியலில் போட்டுத் தூக்கியெறிந்த இருபத்திரண்டும் அவர் மெய்யாக அளந்த நாட்கள். அது பாராட்டி வைத்துக்கொண்டதில் பெரும்பகுதி, அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து போட்ட கணக்கு. ஓய்வில் இருந்த மோட்டாரின் மேல் உட்கார்ந்தேன். அது ஜில்லென்றிருந்தது.

"மாமா, வியாழக்கிழமை மழை வருது. அந்த எண்பத்தி நாலு, தொண்ணூத்தெட்ட வெச்சுத்தான் கீழ்வரிசை பத்திரமான இடம்னு நாளைக்கு எழுதிக் கொடுக்கப் போறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்த எண்களை யாராவது எதற்காவது எடுப்பார்கள் என்று அவருக்கு இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருமுறை கூடத் தோன்றியதில்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. பதிவேட்டில் எழுதினால் பதிவேட்டிலேயே இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"நம்ம வரிசையா?"

"நம்ம வரிசைதான்."

"சொல்லாத" என்றார். உடனே, "இல்ல, சொல்லு" என்றார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "என்னை உள்ள வெச்சிடுவாங்களா பாப்பா?" என்று கேட்டார். அவர் என்னைப் படிக்கவைத்தது இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கத்தான் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது.

மின்பலகையின் கதவைத் திறந்து அதன் உள்பக்கத்தைக் காட்டினார். பென்சில் கோடுகள், ஐந்தைந்தாக. ஒவ்வொரு தடவையும் ஒன்று. எண்ணினேன். நாற்பத்தொன்று.

"எனக்கு முப்பத்தெட்டுதான் கிடைச்சுது, மாமா."

"எப்பவும் ஒரே மாதிரி வந்தா எவனாவது கண்டுபிடிச்சிடுவான்னு பயந்து மூணு தடவை கணக்குப் போடாம மனசுக்குத் தோணினதை எழுதினேன்."

"எந்த மூணு?"

"இப்ப ஓடல பாப்பா. யோசிச்சுச் சொல்றேன்."

புதன்கிழமை காலை மேடத்திடம் சொன்னேன். பாதியில் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அவர் உன் மாமான்னு நீ சொல்லாம இருந்திருக்கலாம். ஏம்மா சொன்ன?"

"தெரியல மேடம்."

"நூத்தி முப்பத்தொண்ணுன்னு எங்கயாவது எழுதி வெச்சிருக்காரா?"

"இல்ல. ஞாபகத்துல இருந்து சொன்னார்."

"உன் வாயால வந்தா நான் எதையும் மாத்த முடியாது. அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அந்த முப்பத்தெட்டையும் ரத்து பண்ணிட்டு, அந்த இருபத்திரண்டை உள்ள கொண்டுவந்து மறுபடி ஓட்டலாம். பன்னிரண்டு மணிக்குள்ள. அப்புறம் அவருக்கு என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. புரியுதா?"

போன் போட்டேன். மணி ஒன்பதரை. அவர் எடுக்கவில்லை. பத்துக்கு மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. பத்தேகாலுக்கு வீட்டு எண்ணுக்குப் போட்டபோது அத்தை எடுத்து, "நீ கிளம்பின கையோட சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு எங்கயோ போனாரே! கல்யாணத்துக்குப் போற மாதிரி இருந்துச்சு. என்னடி விஷயம்?" என்றார். ஓடிப்போய்விட்டார் என்று நினைத்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தண்ணீர் குடிக்க வெளியே போனேன். மாடிப்படியின் அடியில் பார்வையாளர் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். எட்டரையிலிருந்து அங்கேயே இருக்கிறாராம். மேலே வர கால் வரவில்லை. காவலாளி மூன்று முறை யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார், மூன்று முறையும் "ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார்.

படியேறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். மேடம் வெள்ளைத் தாள் ஒன்றை எதிரில் வைத்தார். மாமா எழுதினார். ஒரு பக்கம் கூட இல்லை, ஆனால் அரை மணிக்கு மேல் ஆனது. நூற்று முப்பத்தொன்று என்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுதினார். கீழே போட்ட கையெழுத்து கோணல்மாணலாக வரியை விட்டு இறங்கிப் போயிருந்தது.

"பதிவேட்டுல இருக்கற கையெழுத்து மாதிரியே இல்லையே" என்றார் மேடம்.

"நான்தாங்க அது. கை ஆடுது."

பதினொன்றே முக்காலுக்குக் கணக்கை மறுபடி ஓட்டினேன். கிரிகிங் ஜெயித்தது. மாமா கொட்டிய அந்த முதல் நாளுக்கு, அவர் சொன்ன எண்ணைக் கணினிக்குக் கொடுக்காமலே கேட்டபோது, நூற்று இருபத்தெட்டு என்றது. கீழ்வரிசை பட்டியலில் ஏறியது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் அறுபது வீட்டுக்காரர்களும் ஊரின் கிழக்கே இருந்த பள்ளி மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். வராமல் முரண்டு பிடித்த இரண்டு வீட்டாரை அத்தை போய்த் திட்டி இழுத்து வந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு மண்டபத்தின் கண்ணாடி ஜன்னல்களில் வெளியே எதுவும் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டிருந்தன. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. யாரோ ஒருவர், பேச்சுக்காகத்தான், "மில்லி, இது எத்தனை இருக்கும்?" என்றார்.

"தெரியாது" என்றார் மாமா. அவர் அந்தக் கேள்விக்கு அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மூன்றரைக்குச் செய்தி வந்தது. ஓடை தடம் மாறிக் கீழ்வரிசைக்குள் வந்துவிட்டது. நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்று வரை பின்சுவர்கள் இல்லை. உயிர்ச்சேதம் இல்லை. மண்டபத்தில் சிலர் அழுதார்கள், சிலர் சாமான்களைக் கணக்கெடுத்தார்கள். எனக்கு வேறொன்று மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு முன் பதினோரு மழைக்காலம் நாங்கள் அந்தச் சுவருக்குத் தலைவைத்துத் தூங்கியிருக்கிறோம். பயம் முடிந்துபோன விஷயத்துக்காகவும் வரும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மாமாவை இடைநீக்கம் செய்தார்கள். விசாரணை ஏழு மாதம் நடந்தது. உள்ளே வைக்கவில்லை. ஒரு படி இறக்கி, ஊருக்குள் இருந்த மேல்நிலைத் தொட்டிக்குக் காவலராகப் போட்டார்கள். நான் அவரைக் காப்பாற்றினேனா, காட்டிக்கொடுத்தேனா என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். அறுபது வீடு என்று ஒரு குரல் சொல்கிறது. முதுகில் நடுங்கிய கை என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் எந்த முறையிலும் நிரப்ப முடியவில்லை.

அந்த ஏழு மாதமும் நான் தங்கியிருந்த விடுதியிலிருந்து வாரம் ஒருமுறை, அத்தையும் அவரும் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போய் அந்த மூன்று நாட்களைக் கேட்டேன். தேவையிருந்தது. அறுபத்தேழு நாட்களில் முப்பத்தெட்டை ரத்து செய்தாயிற்று. மிச்சம் இருபத்தொன்பது. அதில் இருபத்தாறு அவர் அளந்தது, மூன்று அவர் இட்டுக்கட்டியது. எவை என்று தெரியாமல் அந்த இருபத்தொன்பதையும் வைத்தே சரிவின் மழையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம்.

அவர் பழைய நாட்காட்டிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்காருவார். "ஒண்ணு உங்க அத்தைக்குப் பல்லு பிடுங்கின வாரம். அது நிச்சயம்."

"எனக்கு ரெண்டு தடவை பிடுங்கியிருக்கு. மேல் பல்லா, கீழ் பல்லா?" என்பார் அத்தை.

"வலது பக்கம்."

"ரெண்டுமே வலது பக்கந்தான்!"

"சரி விடு, ஞாபகம் வரும். வந்ததும் சொல்றேன் பாப்பா. அடுத்த வாரம் வா."

எட்டாவது மாதம், வெயில் காய்ந்த ஒரு முற்பகலில், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே மாமா இறந்துபோனார். இதயம் என்றார்கள். பக்கத்தில் இருந்தவர் பேருந்து வந்ததும் தோளைத் தட்டியிருக்கிறார்.

இந்த மழைக்காலத்துக்கான வரைபடத்தை நேற்று முடித்தேன். பன்னிரண்டாம் நிலையத்தின் இருபத்தொன்பது நாட்களும் அதில் இருக்கின்றன. அதில் மூன்று, சரிவில் பெய்ததைவிடக் குறைவாகச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தேதியின் மேலும் விரலை வைத்துப் பார்க்கிறேன். எதுவும் பொய் போலத் தெரியவில்லை. அவர் எனக்கு அந்த மூன்று நாட்களைத் தரவேண்டும். தரவில்லை.